விழுப்புரம் வந்தால் இடைவேளை

தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறவன் வருகிற எல்லாப் படத்தையும் பார்த்திருப்பான். எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்திருக்க மாட்டான். கதாநாயகி அழ ஆரம்பிக்கிற நேரத்தில் யாராவது மீதிச் சில்லறை கேட்பார்கள். வில்லன் கதவைத் திறக்கிற நேரத்தில் நான் பின்படிக்கட்டில் நின்று ‘உள்ள போ, உள்ள போ’ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன். நல்ல கட்டத்தில் ஸ்டாப் வந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இறங்கியிருக்கிறீர்கள் அல்லவா? நீங்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

எங்கள் பஸ் சேத்துப்பட்டில் கிளம்பி, செஞ்சி வழியாக விழுப்புரம் போகிறது. டிரைவர் தலைக்குப் பின்னால் ஒரு டி.வி., அதற்குக் கீழே பென்டிரைவ் செருகுகிற பெட்டி. அந்தப் பெட்டிக்கு ஒரு வியாதி உண்டு. எஞ்சினை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். மறுபடி உயிர் வரும்போது நடந்ததையெல்லாம் மறந்துவிட்டு, படத்தை முதலிலிருந்து காட்டும். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க எஞ்சினை அணைப்போம். ஆகவே சேத்துப்பட்டுக்காரர்கள் செஞ்சி வரைக்கும் படத்தின் ஆரம்பத்தைப் பார்ப்பார்கள். செஞ்சிக்காரர்கள் அதே ஆரம்பத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் பார்ப்பார்கள். திரையில் ‘இடைவேளை’ என்று எழுத்து விழும்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வந்திருக்கும். எங்கள் தடத்தில் இரண்டாம் பாதி என்று ஒன்று கிடையாது.

நல்ல டாக்டர்

விழுப்புரத்தில் பள்ளிக்கூட வேலைக்குப் போகிற டீச்சர் ஒருவர் செஞ்சியில் ஏறுவார். ஒரு படத்தில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் இலவசமாக வைத்தியம் பார்க்கிற டாக்டர் வருவார். டீச்சருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அந்த மாதிரி ஒரு டாக்டர் நம் ஊருக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் சொல்லியிருக்கிறார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இரண்டாம் பாதியில் அந்த டாக்டர்தான் பிள்ளை பிடிக்கிற கும்பலுக்குத் தலைவன்.

மறுநாள் டீச்சர் என்னை நிற்க வைத்து, பாதிப் படம் காட்டி மானத்தை வாங்குகிறீர்கள் என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அதற்குள் பஸ் கிளம்பி, டி.வி.யில் டாக்டர் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். ஒரு கிழவர் கண்ணில் மருந்து விட்டார். டீச்சர் கோபத்தை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “சிரிக்கிறவங்க சிரிக்கட்டும் கண்டக்டரே. நம்ம பஸ்ல அவர் நல்லவர்தான்.”

கோட்டைப் பாட்டு

செஞ்சியை விட்டுக் கிளம்பி, பிற்பகல் வெயிலில் பாதிப்பேர் கண் சொக்குகிற நேரம். ஒரு படத்தில் சரியாக அப்போது ஒரு காதல் பாட்டு வரும். எங்கள் செஞ்சிக் கோட்டையிலேயே எடுத்தது. ஜன்னலில் ஒரு மலை, டி.வி.யில் அதே மலை. அடுக்கி வைத்த மாதிரி அதே பாறைகள். அரைத்தூக்கத்தில் இருக்கிறவர்களுக்கு எது வெளியே ஓடுகிறது, எது உள்ளே ஓடுகிறது என்று பிடிபடாது. எனக்கே சில நாள் டிக்கெட் கொடுத்துக்கொண்டே அந்தப் பாட்டுக்குள் நடந்து போகிற மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றும்.

ஒரு நாள் கோட்டைக்குப் பக்கத்துச் சிங்கவரத்துக்காரர் ஒருவர், நின்றுகொண்டு வந்தவர், திடீரென்று டி.வி. பக்கம் கை நீட்டினார். கதாநாயகன் கதாநாயகியைத் துரத்திக்கொண்டு படியேறுகிறான். அவர்களுக்குப் பின்னால், மதில் மேல் ஒரு கறுப்பு ஆடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அது அவருடைய ஆடாம். காதில் இருக்கிற வெட்டைக் காட்டி அடையாளம் சொன்னார். பஸ்ஸே எழுந்து பார்த்தது. படம் எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு நியாயமாகவே தீர்ப்புச் சொன்னார்: “படம் சுமார்தான். ஆடு நல்லா பண்ணியிருக்குது.”

ரெண்டு விழுப்புரம்

செவ்வாயும் வெள்ளியும் செஞ்சியில் ஏழுமலையும் அவர் சம்சாரம் பச்சையம்மாவும் ஏறுவார்கள். ஏழுமலைக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். எத்தனை முறை பார்த்திருந்தாலும், எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தாலும், பச்சையம்மா ஒவ்வொரு முறையும் முகத்தை நிமிர்த்தி ‘ரெண்டு விழுப்புரம்’ என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்குவார்.

ஏழுமலை விரும்பிக் கேட்கிற படம் ஒன்று உண்டு. அண்ணன் தம்பி கதை. இருவருக்கும் நிலத்தில் தகராறு. தம்பி கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போகிறான். அண்ணனுக்குக் கிட்னி போகிறது. அண்ணி போன் போட்டு அழுகிறாள். கடைசியில், தெருமுனையில் ஒரு பஸ் நின்று, தோளில் பையோடு தம்பி இறங்குகிறான். வாசலில் உட்கார்ந்திருக்கிற அண்ணன் நிமிர்ந்து பார்க்கிறான். இடைவேளை. விழுப்புரம்.

ஏழுமலைக்கும் ஒரு தம்பி ஓசூரில் இருக்கிறார். இருவருக்கும் பொதுவான பங்குக் கிணற்றில், கரண்ட் வருகிற நேரத்தில் யார் மோட்டார் போடுவது என்று ஆரம்பித்த சண்டை, பேச்சுவார்த்தையே இல்லாமல் போய்விட்டது. கூடப்பிறந்தவர் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பச்சையம்மா போன் செய்ததற்கு அந்தத் தம்பி ‘பாக்கலாம் அண்ணி’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். இதையெல்லாம் பச்சையம்மாதான், ஏழுமலை டீ வாங்கப் போயிருந்தபோது ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னார். ஏழுமலை ஒன்றும் சொன்னதில்லை. ஒரு நாள் ‘இடைவேளை’ எழுத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக எழுந்து வேட்டியைச் சரிசெய்தவர், யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: “ஆயிரம் இருந்தாலும் எறங்கி வந்துட்டான் பாரு.”

பாய் காதால் பார்த்த படம்

எங்கள் டிரைவர் ஜாஃபர் பாய் எல்லாப் படத்தையும் முதுகால் பார்க்கிறவர். டி.வி. தலைக்குப் பின்னால் இருப்பதால் சத்தம் மட்டும்தான் அவருக்கு. குரலை வைத்தே ஆளை எடைபோடுவார். ஒரு படத்தின் கதாநாயகியை ரொம்ப நாளாகப் பெரிய வீட்டு மாமியார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் குடும்பத்தோடு அந்தப் படத்தைப் பார்த்தபோது, ஆளை மாற்றிவிட்டார்கள் என்று சத்தம் போட்டு எழுந்து போய்விட்டாராம்.

அண்ணன் தம்பி படத்தில் மட்டும் அவருக்கு ஒரு உறுத்தல். டீக்கடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தத் தம்பி போனில் பேசுவது சரியில்லை என்றார். முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு அவன் அழுகிற மாதிரித்தான் தெரியும் என்று நான் வாதாடினேன். பாய் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: “அழுவறான், சரி. அண்ணனுக்கு எப்டி இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டானா?”

எனக்குப் பொறுக்கவில்லை. லீவு நாளில் என் மனைவியோடு உட்கார்ந்து, செல்போனில் அந்தப் படத்தின் மீதியைத் தேடிப் பார்த்தேன். தம்பி வந்தது நிலத்துக்குக் கையெழுத்து வாங்க. வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுகிறான். அண்ணன் பிழைக்கவில்லை. சினிமாதானே என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஞாபகம் உள்ள பெட்டி

அந்த நேரம் பார்த்து முதலாளி புதுப் பெட்டி வாங்கி மாட்டினார். எஞ்சினை அணைத்தாலும் இது மறக்காது. நின்ற இடத்திலிருந்தே ஓடும். பயணிகளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. இனிமேல் சேத்துப்பட்டில் படத்தைப் போட்டால், செஞ்சியில் ஏறுகிற ஏழுமலையும் பச்சையம்மாவும் தெருமுனையில் இறங்கின தம்பி அப்புறம் என்ன செய்தான் என்று பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேறு படம் போட்டேன். ஏழுமலை டி.வி. பக்கமே திரும்பவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு விழுப்புரம் வரைக்கும் போவது பெரிய தண்டனையாக இருந்தது. வெள்ளிக்கிழமை அண்ணன் தம்பி படத்தையே போட்டு, செஞ்சியில் வண்டி எடுக்கும்போது பொத்தானை அமுக்கி முதலிலிருந்து ஓடவிட்டேன். பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு கியரை மாற்றினார். சேத்துப்பட்டிலிருந்து வந்த ஜவுளிக்கடைக்காரருக்குத்தான் தாங்கவில்லை: “புதுப் பெட்டி வாங்கினு வந்து, பழைய பெட்டி மாதிரியே ஓட்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?”

மண்டகப்பட்டில் நின்றது

இப்படியே போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை விழுப்புரத்துக்குப் பாதி வழியில், மண்டகப்பட்டு தாண்டுவதற்குள் ரோடு வேலைக்காக வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் கரும்பு லாரிகள். ஏ.சி. இல்லாத பஸ், காற்றில்லாத மதியம். பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். பச்சையம்மாவும் புருஷன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி பஸ்ஸிலிருந்து இறங்கினான். அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். ‘இடைவேளை’ என்று எழுத்து விழுந்தது. விழுப்புரம் வரவில்லை. முன்சீட்டில் யாரோ சந்தோஷமாகக் கைதட்டினார்கள். எங்கள் பஸ்ஸில் இந்தப் படத்துக்கு முதன்முதலாக இரண்டாம் பாதி ஆரம்பிக்கப்போகிறது.

நான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு பெட்டியை நோக்கிப் போனேன். போகிற வழியில் ஏழுமலை என் கையைப் பிடித்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கை. அணைக்காதே என்று தடுக்கிறார் என்று நினைத்தேன். மீதிப்படம் நன்றாக இருக்காது என்று ஏதோ உளறினேன். அவர் பச்சையம்மா விழித்துக்கொள்ளாதபடி குரலைத் தாழ்த்தினார். ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்திருந்தபோது பக்கத்துப் படுக்கைக்காரருடைய போனில் தானும் அந்தப் படத்தை முடிவு வரைக்கும் எப்போதோ பார்த்துவிட்டாராம். அப்படியானால் ஏன் திரும்பத் திரும்ப இதையே போடச் சொன்னீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவரே சொன்னார்: “நம்ம பஸ்ல மட்டுந்தான் அவன் வந்து நிக்கிறான். சீக்கிரம் போய் அமுத்துங்க, இவ முழிச்சிக்கப் போறா.”

அமுக்கி அணைத்தேன். கைதட்டியவர்கள் கொஞ்ச நேரம் திட்டினார்கள். பாய் எஞ்சினையும் அணைத்தார். லாரிகளுக்கு அப்பால் நெல்வயல் அசையாமல் கிடந்தது. கறுத்துப்போன டி.வி.யில் எங்கள் எல்லோருடைய முகமும் மங்கலாகத் தெரிந்தது. அதையே நாங்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூணு

அதற்கடுத்த செவ்வாய் அவர்கள் வரவில்லை. வெள்ளிக்கிழமை பச்சையம்மா மட்டும் ஒரு தூக்குவாளியோடு ஏறினார். ‘ஒண்ணு விழுப்புரம்’ என்றார். மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் டிக்கெட்டைக் கிழித்தேன். அன்றைக்கு அண்ணன் தம்பி படத்தைப் போட எனக்கு மனசு வரவில்லை. அவர்தான் போடச் சொன்னார். தூங்காமல், கண் கொட்டாமல், தம்பி இறங்குகிற வரைக்கும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் அவரையும் காணவில்லை. ஒவ்வொரு முறை செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போதும் நானும் பாயும் ஒரே பக்கம்தான் பார்ப்போம்.

போன செவ்வாய் டீக்கடையில் நின்றிருந்த பாய் என் தோளைத் தட்டினார். ஏழுமலை வந்துகொண்டிருந்தார். இளைத்திருந்தார், ஆனால் நடந்துதான் வந்தார். பின்னால் பச்சையம்மா. அவருக்கும் பின்னால், தோளில் பையோடு ஒரு ஆள்; ஏழுமலைக்கு இருக்கிற அதே மூக்கு, படியேறும்போது கம்பியைப் பிடிக்கிற அதே தினுசு. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது, அண்ணன் தம்பி படமும் முதலிலிருந்து கிளம்பியது. இரண்டு பேரும் டி.வி.யைப் பார்க்கவே இல்லை. வெளியே வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டி, இப்போதெல்லாம் கரண்ட் எத்தனை மணிக்கு வருகிறது, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

நான் டிக்கெட்டோடு போய் நின்றேன். எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேர் என்று எண்ணவும் தெரியும். ஆனாலும் கேட்டேன். பச்சையம்மா எப்போதும் போல முகத்தை நிமிர்த்தினார். பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: “மூணு விழுப்புரம்.”

இவ்வளவு காலமாக ஊருக்கே படம் காட்டிப் பிழைக்கிற எனக்கு, எந்தப் படம் எப்படி முடியும் என்று இன்றுவரை சரியாகச் சொல்ல வரவில்லை என்பதில் எள்ளளவும் வெட்கமில்லை.