வாழைக்காய்க் கறையும் சீமைக் கத்தியும்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

அப்போது மலாய் நாட்டில், ஜார்ஜ் டவுன் நில அளவை ஆபீசில் வெளிவேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் நாலு நாள் பாலிக் புலாவ் பக்கத்து ஜாதிக்காய்த் தோட்டங்களில் சங்கிலி பிடித்து அளப்பது, எல்லைக்கு முளைக்குச்சி சீவி அடிப்பது, அட்டை கடித்த காலோடு வீடு திரும்புவது. அந்த வேலைக்கென்றே பீச் ஸ்திரீட்டில் ஒரு வெள்ளைக்காரர் கடையில் மடக்குக் கத்தி ஒன்று வாங்கியிருந்தேன். இங்கிலாந்தில் செய்தது, மான்கொம்புப் பிடி. கூடவே அச்சடித்த காகிதம் ஒன்று கொடுத்தார்கள். இரும்பில் குற்றம் இருந்து அலகு முறிந்தால், எத்தனை வருஷம் ஆனாலும் கம்பெனி வேறு அலகு போட்டுத் தரும். நெருப்பில் காட்டியிருந்தாலோ சுத்தியலால் அடித்திருந்தாலோ தராது. அந்தக் காகிதத்தை என் ஞானஸ்நானச் சீட்டோடு பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஒரு வருஷம் கூட ஆகவில்லை. ஒரு நாள் தோட்டத்தில் முளைக்குச்சி சீவிக்கொண்டிருந்தபோது, நுனியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி அலகு முறிந்து விழுந்தது. குச்சி என்னவோ சுண்டுவிரல் கனம்தான். எனக்கு வருத்தமே இல்லை, காகிதம் இருக்கிறதே. சீமையிலிருந்து புது அலகு வரப்போகிறது என்று கூட வேலை பார்த்தவர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். துரை இரண்டு துண்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அலகு முழுக்க நீலமும் கறுப்புமாக ஒரு படலம் இருந்தது. நானும் அதைப் பார்த்திருந்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

"நெருப்பில் காட்டியிருக்கிறாய்" என்றார் இங்கிலீஷில்.

இல்லை என்றேன்.

"பொய் சொல்லாதே."

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குரலை உயர்த்தினேன், மேஜையைத் தட்டினேன். பிறகு கடைச் சிப்பந்திகள் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். துரை அத்தோடு விடவில்லை. உங்கள் ஆள் தானே கெடுத்த கத்தியைக் கொண்டுவந்து எங்களை ஏமாற்றப் பார்த்தான் என்று என் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

மேலதிகாரி கத்துகிற மனிதர் இல்லை. கடிதத்தை என்னிடம் நீட்டி, வாசிக்கும் வரை காத்திருந்தார். "நீ எழுதிக் கொண்டுவருகிற எண்ணை நம்பித்தான் நான் படத்தில் கோடு போடுகிறேன். உன் சொல்லை நம்ப முடியாது என்றால் உன் அளவை எப்படி நம்புவது? திங்கட்கிழமைக்குள் இதைத் தீர்த்துக்கொண்டு வா. இல்லையென்றால் வெளிவேலைக்கு வேறு ஆளைப் போடுவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே என் மனைவியிடம் போனேன்.

"என் கத்திய அடுப்புல காட்டினியா?"

"அடுப்புல ஏன் காட்டறேன்? போன மாசம் நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்ப அருவாமனைக் கட்ட ஒடஞ்சு போச்சு. ஒரு வாரம் ஒங்க கத்தியிலதான் வாழக்கா அரிஞ்சேன். அந்தக் கறைதான் அது."

"வாழக்கா அரிஞ்சா சீமக் கத்தி கறுக்குமா? பொய் சொல்லாத."

அவள் சண்டைக்கு வரவில்லை. அரிவாள்மணையை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதன் அலகும் கறுத்துத்தான் இருந்தது.

"அது நம்ம ஊரு இரும்பு" என்றேன். இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், வாழைக்காய்க் கறையைப் பற்றி அவளுக்கே பாடம் நடத்தினேன்.

"சனிக்கெழம நானும் கடைக்கு வரேன். தொரைக்கிட்ட நான் காட்டறேன்" என்றாள்.

எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை. சனிக்கிழமை இருவரும் டிராமில் போனோம். ஞாயிறு பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் சந்தைக்குக் கொண்டுபோகிற பாசார் கூடையோடு, கூடையில் இரண்டு வாழைக்காயோடு வந்தாள். எனக்கு மானம் போயிற்று. வழியெல்லாம் அவள் பக்கம் திரும்பாமல் கடைகளை வேடிக்கை பார்த்தேன்.

துரை என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். அவள் சொன்னதை இங்கிலீஷில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து என்னுடையதைப் போலவே ஒரு புதுக் கத்தியை எடுத்தார். "நறுக்கட்டும். கறுக்காவிட்டால் இதை உன் தலையில்தான் கட்டுவேன்."

அவள் கூடையிலிருந்த பழைய பத்திரிகைத் தாளை மேஜையில் விரித்து, தோலோடு சிறு சிறு வட்டமாக இரண்டு காயையும் அரிந்தாள். கத்தியைத் துடைக்காமல் பிசுபிசுப்போடு அப்படியே வைத்தாள். துரை உடனே குனிந்து பார்த்தார். அலகு பளபளவென்று இருந்தது.

"துங்கு, துவான்" என்றாள், கொஞ்சம் பொறுங்கள் என்று. பாசாரில் பழகிய மலாய்.

அவர் வேறொரு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். நான் அலகையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளதைச் சொன்னால், எனக்கு நம்பிக்கையே இல்லை. கறுக்க வேண்டும் என்று அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். அவளோ கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சாம்பல் நிறம் வந்தது. பிறகு விளிம்பில் ஊதா. கால் மணி நேரத்தில் நீலமும் கறுப்புமாக அலகு முழுக்கப் படர்ந்துவிட்டது. அவள் என் முறிந்த கத்தியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

துரை வந்தார். கைக்குட்டையால் தேய்த்தார், போகவில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கத்தி இதற்கா இருக்கிறது?" என்று மெதுவாக முனகினார்.

நான் காகிதத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். "வாழைக்காய் நறுக்கக் கூடாது என்று இதில் எங்கே இருக்கிறது, ஐயா?" அந்தக் கடையில் நான் கத்தாமல் வாதாடியது அதுதான் முதல் தடவை.

அவர் உட்கார்ந்து என் மேலதிகாரிக்கு இன்னொரு கடிதம் எழுதினார். நான் சொன்னது உண்மை, தான் எழுதியது தவறு, கத்தி நடந்த விவரத்தோடு இந்தக் கப்பலிலேயே கம்பெனிக்குப் போகிறது. கையெழுத்துப் போட்டு மை காய்கிற வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வெளியே வந்து பீச் ஸ்திரீட்டே எனக்கு எழுதி வைத்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கூடையைக்கூட நானே தூக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மேலதிகாரி அந்தக் கடிதத்தைப் படித்துக் கோப்பில் சேர்த்தார். "சங்கிலியை எடு" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்து மாதம் கழித்துப் பார்சல் வந்தது. அதே பிடி, புது அலகு. கூடவே கம்பெனியின் கடிதம். அதைக் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவிக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி உரக்க வாசித்தேன். முறிந்த இடத்தில் இரும்புக்குள் மயிரிழை விரிசல் இருந்தது, குற்றம் எங்களுடையது, எங்கள் ஏஜெண்டு உங்கள் வார்த்தையை நம்பாமல் பேசியதற்கு வருந்துகிறோம். ஒரு தடவை போதாமல் இரண்டாம் தடவையும் வாசித்தேன்.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"தொரை ஒங்கள நம்பலன்னு கம்பெனிக்காரன் சீமையிலேருந்து வருத்தப்படறான். நீங்களுந்தான் என்னைய நம்பல. அதுக்கு எந்தக் கப்பல்ல கடுதாசி வரும்?"

துரையிடம் மை காய்கிற வரை நின்று வாங்கியதை, ஐந்து மாதமாக இவளுக்கு நான் கொடுத்திருக்கவில்லை. அது என் புத்திக்கு எட்டக்கூட இல்லை.

"தப்பு என்னோடதுதான்" என்றேன், தொண்டைக்குள்ளேயே.

"கேக்கல. கடுதாசி வாசிச்ச சத்தத்துல சொல்லுங்க."

தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.