இரண்டு ஈர்க்குகள்

எங்கள் குடும்பத்தில் ஆங்கில எழுத்தை முதன்முதலில் வாசித்தவள் நான். அதை ஊரறியக் காட்ட எனக்குக் கிடைத்தது, மாமாவின் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய ஒரு காபரேட்டர்.

மாமா அம்மாவின் தம்பி. வாவி மீனை அந்தச் சைக்கிளில் கட்டி வாழைச்சேனைக்குக் கொண்டுபோய் விற்பார். சண்டைக் காலம். ஆமிக்காரர் எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் விடமாட்டார்கள்; வைத்திருப்பதே குற்றம். சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. மாமாவின் இடுப்பு மடியில் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் இருக்கும். நாலு சொட்டை உள்ளே விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும், பிறகு மண்ணெண்ணெயில் இழுத்துக்கொள்ளும். அப்படி ஓடி ஓடிக் காபரேட்டர் உள்ளுக்குள் அரித்துப்போனது. எனக்கோ புலமைப்பரிசில் சோதனைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. சோதனைப் பள்ளிக்கூடம் ஆமிக்காரரின் சென்றிக் காவலரணுக்கு அப்பால். பஸ் கிடையாது. மாமாவின் சைக்கிள் ஓடினால்தான் நான் சோதனை எழுதலாம்.

மாமாவுக்கு எழுத்துத் தெரியாது. தென்னோலையில் இரண்டு ஈர்க்கு உரித்தார். போல்ட் துளைகளுக்கு நடுவிலுள்ள தூரத்துக்கு ஒன்றை நறுக்கினார், காற்றுப் போகும் வாயின் அகலத்துக்கு மற்றதை. நான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காபரேட்டரின் பக்கவாட்டில் புடைத்திருந்த எழுத்தையும் எண்ணையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

வாழைச்சேனையில் பழைய சாமான் கடைக்காரர் ஒரு சாக்கைக் கவிழ்த்தார். பத்துப் பன்னிரண்டு காபரேட்டர்கள் உருண்டன. என் எண் ஒன்றில் அப்படியே இருந்தது. மாமா ஈர்க்கை வைத்துப் பார்த்தார். துளைகளின் தூரம் சரி. மற்ற ஈர்க்கு வாய்க்குள் நில்லாமல் விழுந்தது.

"வாய் பெரிசு புள்ள."

"நம்பர் சரி மாமா. கொம்பனிக்காரன் சும்மாவா நம்பர் அடிப்பான்?"

மாமா வேறொன்றை எடுத்தார். அதில் எண் தேய்ந்திருந்தது. இரண்டு ஈர்க்கும் அதில் இறுக்கமாக நின்றன.

"இதுதான் போல கிடக்கு, புள்ள."

"நம்பரே இல்லாததையா வாங்கப் போறீங்க? ஈர்க்கை வச்சு அளக்கிறதுக்கு இது என்ன மீன் கூடா?"

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "படிச்ச மருமகள் சொல்றா, கேளுமன் தம்பி. மறுகா என்னட்ட வந்து கத்தாத."

மாமா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எண் உள்ளதை வாங்கினார். இரண்டு ஈர்க்கையும் கடை வாசலிலேயே முறித்துப் போட்டது நான்தான்.

புதியது பொருந்தியது. காலையில் இருபது உதைக்குப் பிறகு, கறுப்புப் புகையோடு ஓடவும் ஓடியது. சூடான பிறகு நிறுத்தினால் மட்டும் இலேசில் திரும்பப் பிடிக்காது. எஞ்சின் கிழடு என்று மாமா சொன்னார்.

சோதனையன்று விடியவே புறப்பட்டோம். சென்றிக்கு எட்டத்தில் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். அது சட்டம். அடையாள அட்டையையும் என் பையையும் மட்டும் பார்த்துவிட்டுப் போக விட்டார்கள். தாண்டிப் போய் மாமா உதைத்தார். பிடிக்கவில்லை. உதைத்தார், உதைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. காவலரணுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நேரம் போகுது மாமா," என்றேன். என் குரலில் இருந்தது பயமல்ல, எரிச்சல்.

"நீ நட புள்ள. நான் பின்னால வாறன்."

"நம்பர் சரிதானே, மாமா?"

"ஓம் ஓம், நம்பர் சரி. என்ர காலுக்குத்தான் பலமில்ல. நட."

நடந்தேன். என் முதுகுக்குப் பின்னால் மாமா மடிக்குள் கைவிட்டு அந்தப் போத்தலை எடுத்திருக்கிறார். ஒருவன் சிங்களத்தில் கத்துவது கேட்டது. பிறகு பலர் கத்தினார்கள். சோதனைக்குப் பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள் என்று ரீச்சர் சொல்லியிருந்தா. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சோதனையில் மாவட்டத்திலேயே மிக நல்ல புள்ளி எனக்கு. மாமா இரண்டு மாதம் கழித்து ஆமி முகாமிலிருந்து வந்தார், வலது முழங்கால் மடியாமல். உதைத்து ஓட்டும் சைக்கிள் அவருக்கு இனி எதற்கு? அதை விற்றார்கள். கேட்டவர்களிடமெல்லாம் மாமா ஒன்றையே சொன்னார்: "மருமகள் பாத்த நம்பர் சரி. எஞ்சின்தான் கிழடு." நான் அதைப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பல வருடம் கழித்து, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸுக்கு நான் எடுபட்ட கடிதத்தோடு மாமா வீட்டுக்குப் போன அன்று, மாமி அதை வாங்கிப் பார்க்கவில்லை. அடுப்படியிலிருந்தே சொன்னா.

"அந்த நம்பர் வார்க்கிற அச்சின்ர நம்பராம். வாய் சின்னதிலயும் அதுதான் கிடக்குமாம், பெரிசிலயும் அதுதானாம். கடையில வச்சே அவருக்கு அது பிழையெண்டு தெரியும். சோதனைக்குப் போற புள்ளைய நாலு பேருக்கு முன்னால பிழையெண்டு சொல்ல மனசில்லாம வாங்கினவர். படிச்ச நீ இதையும் படி."

மாமா வாசலில் காலை நீட்டியபடி இருந்தார். "அவள் கிடக்கிறாள். கடிதத்தைக் கொண்டா புள்ள," என்றார். வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

அன்று கடையில் அவர் என் முகத்தைப் பார்த்ததும் அப்படித்தான். எண் சரியென்று ஒத்துக்கொள்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.