பின்பக்கத்து எழுத்து

உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அவள் ஆல்பம் அத்தை. நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் புத்தகங்களுக்கு அட்டை எழுதி ஓய்வு பெற்றவள். அட்டை இல்லாத புத்தகமும் பின்பக்கம் எழுதாத போட்டோவும் அவளுக்கு ஆகவே ஆகாது. யாராவது ஒரு படத்தைக் கையில் கொடுத்தால் முகத்தைப் பார்க்கும் முன்பே திருப்பிப் பார்ப்பாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் கை பரபரக்கும். யார், எப்போது, எங்கே என்று பால்பாயிண்ட் பேனாவால் குண்டு குண்டாக எழுதிவிட்டுத்தான் மறுவேலை. அவளிடம் இருந்த பதினான்கு ஆல்பங்களில் ‘தெரியவில்லை’ என்று ஓர் இடத்தில்கூட எழுதியது கிடையாது. இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள், கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும்வரை.

ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான். என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை, வந்தேன் என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றால், ஏழாவது ஆல்பத்தை எடுத்துவந்து வாயை அடைத்துவிடுவாள். நாத்தனாரின் மூத்த மகன் இதை வைத்து அவளைக் கிண்டல் செய்வான். நம் வீட்டில் யாருக்காவது தலையெழுத்து சரியில்லை என்றால் கடவுளைக் கேட்டுப் பயனில்லை, அத்தையின் பேனாவைத்தான் கேட்க வேண்டும் என்பான்.

அவன் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது.

நாத்தனாருக்கு இரட்டைப் பிள்ளைகள். பத்து நிமிஷ வித்தியாசத்தில் பிறந்தவர்கள், அச்சில் வார்த்தது போல ஒரே ஜாடை. பெரியவன், சின்னவன் என்பதுதான் வீட்டில் பெயர். பள்ளிக்கூடப் பெயர்கள் பள்ளிக்கூடத்தோடு சரி. பதினாறு வயதில் அப்பா இறந்தபோது, மூத்தவன் நீதானேப்பா என்று வந்தவர் போனவர் எல்லோரும் பெரியவனிடம் சொன்னார்கள். அத்தையும் சொன்னாள். அவன் படிப்பை விட்டுவிட்டுக் கல் அறுக்கும் பட்டறைக்குப் போனான். சின்னவன் படித்துப் பல் டாக்டர் ஆனான். பட்டறைத் தூசி இருபத்தெட்டு வருஷம் பெரியவனின் நெஞ்சுக்குள் இறங்கியது. கடைசியில் நாலு படி ஏறவே முடியாமல் போயிற்று. நாற்பத்து நாலாவது வயதில் போய்ச் சேர்ந்தான்.

வரப்போகும் பிறந்தநாளுக்குள் அவன் படங்களை மட்டும் சேர்த்து ஒரு போட்டோ புக் போட வேண்டும் என்று நாத்தனார் கேட்டாள். அத்தை உடனே தலையாட்டினாள். எண்பத்தாறு படங்கள் தேறின. ஒழுங்காக அடுக்கினாள். முதல் படத்தைத் திருப்பிப் பார்த்ததும் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டாள்.

பிள்ளைகள் பிறந்ததும் நாத்தனார் காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். நாற்பது நாள் இரண்டையும் வளர்த்தது அத்தைதான். கையில் ஆஸ்பத்திரிப் பட்டை கட்டியிருந்ததால் எது எவன் என்ற குழப்பம் இல்லை. நாற்பதாவது நாள் ஒரு போட்டோக்காரரை வரவழைத்து, ஒரே போர்வையில் ஒருவன் பின் ஒருவனாகப் படுக்கவைத்துத் தனித்தனியாகப் படம் எடுத்தாள். சட்டைக் கை பட்டையை மறைத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பிரதிகள் கைக்கு வந்தபோது பிள்ளைகள் அம்மாவோடு வீட்டுக்குப் போயிருந்தார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எவன் எவன் என்று பிடிபடவில்லை. ஒரு பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருப்பதைத்தான் அவளால் பொறுக்க முடியாதே. மனம்போனபடி ஒன்றில் ‘பெரியவன், 40ஆம் நாள்’ என்றும் மற்றதில் ‘சின்னவன்’ என்றும் எழுதினாள். அதே எழுத்தோடு இன்னொரு ஜோடியை நாத்தனார் வீட்டுக்கும் அனுப்பிவைத்தாள். அந்த ஜோடி பிற்பாடு வீடு மாறும்போது தொலைந்துபோனது.

இத்தனை வருஷம் அது அவளை உறுத்தியதில்லை. இருவரும் உயிரோடு இருந்தவரை யார் படமாக இருந்தால் என்ன? இப்போது அப்படியா? முதல் பக்கம் முழுக்க அந்தப் படம் வரப்போகிறது. பெற்றவள் தினமும் அதைத் தடவிப் பார்ப்பாள், முத்தம் கொடுப்பாள். அது சின்னவனாக இருந்துவிட்டால்? உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்தவன் என்று நினைத்துத் தாய் அழுவாளே! அதற்குக் காரணம் தானல்லவா?

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். காதைப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள். குழந்தைக் காது எல்லாம் ஒரே காதுதான். வேறு படத்தை முதலில் வைக்கலாமே என்று நாத்தனாரிடம் நைசாகச் சொல்லிப் பார்த்தாள். முதல் படம் அதுதானே அண்ணி என்று அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை போனை எடுத்தாள். மூன்று தடவையும் மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தாள். சோறு இறங்கவில்லை. ஸ்டூடியோவில் படத்தைச் சரிசெய்த பெண், காலில் ஏதோ கறுப்புப் புள்ளி இருக்கிறதே, எடுத்துவிடட்டுமா என்று கேட்டபோது, எதையாவது எடுத்துத் தொலை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மாதிரிப் பிரதி வந்தது. சாயங்காலத்துக்குள் சரி சொன்னால்தான் அச்சுக்குப் போகும். மதியமே அதை எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். சின்னவன் கிளினிக்கை மூடிவிட்டு வந்திருந்தான். அத்தைக்கு டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனான். நாத்தனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தாள். விரலால் நெற்றியைத் தடவினாள், கையைத் தடவினாள். கால் அருகே வந்ததும் விரல் நின்றது.

“அண்ணி, மச்சம் எங்க?”

“என்ன மச்சம்?”

“பெரியவனுக்கு இடது உள்ளங்கால்ல கடுகாட்டம் ஒரு மச்சம் உண்டு. சின்னவனுக்குக் கிடையாது. இந்தப் படத்துல அது தெரியுமே.”

அத்தை பையைத் துழாவி அசல் படத்தை எடுத்தாள். இருந்தது. அழுக்கு என்று அவள் அழிக்கச் சொன்ன புள்ளி அதே இடது காலில் இருந்தது. அப்படியானால் இது பெரியவன்தான்! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து பொங்க, இத்தனை நாள் மென்று முழுங்கியதையெல்லாம் கொட்டிவிட்டாள்.

“தெரிஞ்சு எழுதலம்மா. ஏதோ ஒண்ணுல பெரியவன்னு குருட்டாம்போக்குல எழுதிட்டேன். இத்தனை நாளா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். நல்லவேளை, சரியாத்தான் எழுதியிருக்கேன்.”

நாத்தனார் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடவும் இல்லை.

“குருட்டாம்போக்குலயா?” என்றாள்.

பிறகு மெதுவாக, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். பிள்ளைகளுக்கு மூன்றாம் மாதம். கைப்பட்டை இறுக்குகிறதே என்று குளிப்பாட்டும் முன் இரண்டையும் கத்தரித்துப் போட்டாள். அடுப்பில் பால் பொங்கியது. ஓடிப்போய் இறக்கிவிட்டு வந்து பார்த்தால், துண்டின் மேல் இரண்டு பிள்ளைகள் உருண்டு கிடந்தார்கள். எவன் எவன் என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையையே தெரியாதவள் என்று ஊர் சிரிக்குமே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்புறம்தான் அண்ணி அனுப்பிய படங்கள் ஞாபகம் வந்தன. ஒன்றில், அதுவரை அவள் கவனித்திராத மச்சம் காலில் தெரிந்தது. திருப்பிப் பார்த்தாள்.

“நீங்க எழுதியிருந்ததைப் பார்த்துத்தான், அண்ணி, மச்சம் இருந்தவனைப் பெரியவன்னு கூப்பிட்டேன்.”

அத்தைக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. மூத்தவன் நீதானேப்பா என்று தான் சொன்னது காதில் கேட்டது. பதினாறு வயதில் புத்தகப் பையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பட்டறைக்குப் போன பையன், பத்து நிமிஷம் முந்திப் பிறந்தவனா, பிந்திப் பிறந்தவனா? இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு பஸ் டிக்கெட்டுக்குச் சோம்பல்பட்டு அவள் எழுதிய ஒரு வார்த்தை அது. மன்னிச்சிடு என்று சொல்ல வாயெடுத்தாள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

சமையலறையில் கரண்டி டம்ளரில் இடித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு புத்தகத்தை அண்ணியின் மடியில் வைத்தாள்.

“மச்சத்தைத் திரும்ப வைக்கச் சொல்லுங்க,” என்றாள். “எழுத்து அப்படியே இருக்கட்டும்.”

அத்தை தலையாட்டினாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

“சின்னவனே, டீ ஆயிடுச்சாப்பா?”

“இதோ வர்றேம்மா,” என்று சொல்லிக்கொண்டே அவன் தட்டோடு வந்தான்.