ஒயில் கலக்காத பெற்றோல்

சிவபாதம் அண்ணை காலமான செய்தியை அவருடைய மகள் வதனிதான் நெல்லியடியிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். செத்தவீடு முடிந்த பிறகு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவுமலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரக் கேட்டாள். "கடைசிக் காலத்திலை மறதியாலை அப்பா பட்ட பாட்டையும் எழுதுங்கோ மாஸ்டர்" என்றாள். அதைத்தான் எழுதப் போகிறேன்.

உடுவிலில் அண்ணை எனக்குப் பக்கத்து வீடு. மரம் அரியும் பழைய சங்கிலி வாள்களை மரக்காலைகளில் தேடி எடுத்து, துருப் போக்கி, ஓடப்பண்ணி, கொட்டிலில் வரிசையாக வைத்திருந்தார். பதினொரு வாள்கள். தூக்கினால் இடுப்பு முறியும். ஒன்றுக்குப் பாகம் கிடைக்காமல் நான்கு வருடம் காத்திருந்தார். வேறு எதையாவது வெட்டிப் பொருத்தினால் என்ன என்று கேட்டேன். "அதின்ரை சாமான்தான் அதுக்குப் போகவேணும்" என்றவர், இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஆயுதபூசையன்று எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றாக ஓடவிடுவார். ஒழுங்கை நாய்கள் ஓடித் தப்பும். வெறும் பெற்றோல் விடக்கூடாது, ஒயில் கலக்காவிட்டால் பிஸ்டன் உரசி இறுகிவிடும் என்று எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருந்தார்.

ஒரு காற்றில் என் வாசல் படலைக்குக் குறுக்கே வேப்பங்கொப்பு முறிந்து விழுந்தது. அண்ணை மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கொட்டில் பூட்டின் திறப்பு இருக்குமிடம் எனக்குத் தெரியும். ஒரு வாளை எடுத்து வந்து, என் மோட்டார் சைக்கிள் பெற்றோலை ஊற்றினேன். ஒயில் ஞாபகம் வந்தது. ஒரு கொப்புக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். பாதியில் வாள் கிறீச்சிட்டு நின்றது. துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வருட ஆயுதபூசைக்கு அவர் அதே வாளின் கயிற்றை இழுத்தார். அசையவில்லை. கழற்றினார். பிஸ்டன் முழுக்கக் கீறல். அதை என்னிடம் நீட்டிக் காட்டினார்.

"கடைசியா ஓடவிடேக்கை நான்தான் ஒயில் கலக்க மறந்திட்டன் மாஸ்டர். என்ரை கை பிழைச்சுப் போச்சு."

உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அது. நான் சொன்னது, "வயசு போனால் வாறதுதானே அண்ணை."

அன்றைக்கே கொட்டிலைப் பூட்டினார். பிறகு எந்த வாளையும் தொடவில்லை. அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று எல்லாவற்றிலும் அவருக்குத் தன்மேல் சந்தேகம். "ஒருக்காப் பாருங்கோ மாஸ்டர்" என்று என்னைத்தான் கூப்பிடுவார். போய்ப் பார்ப்பேன். அடுப்பு அணைந்திருக்கும், கதவு பூட்டியிருக்கும். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. அவரைத் தனியே விடப் பயந்து வதனி நெல்லியடிக்குக் கூட்டிப் போனாள். மூன்று வருடம் அங்கே சும்மா இருந்தார். செத்தவீட்டில் அவருடைய மறதியைப் பற்றிக் கதைத்தவர்களோடு நானும் தலையாட்டினேன். நினைக்க வெட்கமாக இருக்கிறது.

வதனி, இதில் ஒரு வரியையும் வெட்டாமல் போடு பிள்ளை. உன் அப்பா எதையும் மறக்கவில்லை. அண்ணையுடையது என்று என்னிடம் இருப்பது, தன் கையின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை. அதைக் கேளாமல் எடுத்தேன். அவர் இருக்கும்வரை திருப்பிக் கொடுக்கவில்லை.