கம்பத்தில் நின்ற உள்ளான்

ஹாலந்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு புல்வெளி. அதன் வேலிக் கம்பத்தின் உச்சியில் நின்று ஓர் உள்ளான் கத்திக்கொண்டிருந்தது. சேற்றில் நிற்க வேண்டிய பறவைக்குக் கம்பத்தில் என்ன வேலை? காலைப் பார்த்தேன், நல்ல சிவப்பு. பறந்தபோது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. ஐந்து மாத வயிற்றோடு நடுத்தெருவில் நின்று கைதட்டிவிட்டேன். எங்கள் ஊர் நயினார்குளத்துப் பறவை!

தினமும் நடக்கச் சொன்ன டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: ஊருக்குப் போவதானால் அடுத்த மாதத்துக்குள் விமானம் ஏறிவிட வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று திருநெல்வேலியில் அம்மா லேகியத்துக்குச் சாமான் சேர்க்கத் தொடங்கிவிட்டாள். எனக்கோ கணவர் பக்கத்தில் இருக்க இங்கேயே பெற்றுக்கொள்ள ஆசை. அதை ஊருக்குச் சொல்ல வாய் வரவில்லை.

தை மாதம் குளத்தில் தண்ணீர் இறங்கி ஓரமெல்லாம் சேறு தெரியும்போது நானும் என் அண்ணன் சங்கரனும் கரையிலேயே கிடப்போம். கால் சிவப்பை மட்டும் நம்பக் கூடாது. நெடுங்கால் உள்ளானுக்கும் சிவந்த கால்தான், ஆனால் அது கொக்குபோல உயரம். பேதை உள்ளானுக்கும் சில சமயம் கால் சிவந்திருக்கும். அண்ணன் கையைத் தட்டிப் பறக்கவிடுவான். இறக்கை ஓரம் முழுக்க வெள்ளை தெரிந்தால் அதுதான் சிவப்புக்கால் உள்ளான். சித்திரை பிறந்தால் ஒன்றைக்கூடக் காண முடியாது. வெளிநாட்டுக்குப் போய் முட்டையிடுகிறது என்பேன் நான். அண்ணன் ஒத்துக்கொள்ளவே மாட்டான்.

“ஏட்டி, பாபநாசத்துக்கு மேல காட்டுக்குள்ளதான் முட்டையிடுது. வெளிநாட்டுல இட்டத நீ கண்டியா?”

நான் எங்கே கண்டேன். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்த மூன்று வருடமும் இந்தச் சண்டையில் நான் ஜெயிக்கவில்லை.

அதனால்தான் அந்தப் புல்வெளியை நான் விடவில்லை. வேலியை நெருங்கினால் உள்ளான் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. கூடு பக்கத்தில்தான் இருக்க வேண்டும். நான்காம் நாள் புல்வெளிக்காரர் வந்துவிட்டார், என்னைவிட இரண்டு அடி உயரமாக. எனக்குத் தெரிந்த டச்சில், முட்டை வேண்டும் என்று சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. தின்னக் கூடாது என்று வாயைக் காட்டி விரலை ஆட்டினார். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தின்கிற சைவ வீட்டுப் பெண் நான்! சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கண்ணைத் தொட்டு, “கெய்க்கன், கெய்க்கன்” என்றேன், பார்க்க மட்டும்தான் என்று. அவர் ஆட்டிய விரலை இறக்கினார். பிறகு வேலியைத் திறந்துவிட்டார்.

புல் வெட்டும் இயந்திரம் ஏறிவிடாமலிருக்கக் கூட்டுக்குப் பக்கத்தில் அவரே ஒரு குச்சி நட்டு வைத்திருந்தார். குனிந்து புல்லை விலக்கினார். நான்கு முட்டைகள், கூர்முனை எல்லாம் நடுவில் சேர்ந்திருக்க, புள்ளி புள்ளியாய். என் ஊரில் ஒருவரும் பார்க்காததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு ஓடி, ஊரில் எங்கள் வீட்டில் போன் இல்லாததால் பக்கத்து வீட்டுக்குப் போட்டேன். அன்று அண்ணன் வேலை பார்க்கும் பேட்டைப் பட்டறைக்கு விடுமுறை, கூப்பிட்டதும் வந்துவிட்டான். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் ஜெயித்துவிட்டேன் என்றேன்.

“அப்போ நீயும் அங்கனதான் பெத்துக்கிடப் போறியா?” என்றான்.

எப்படித்தான் கண்டுபிடித்தானோ. ஆமாண்ணே என்றேன்.

“சரி. அம்மாட்ட நான் பைய சொல்லிக்கிடுதேன். தையில குளத்துல தண்ணி இறங்குறதுக்குள்ள பிள்ளையோட வந்துரு.”

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். தூரத்தில், கம்பத்தில் அது நின்றுகொண்டிருந்தது. நயினார்குளத்தில் இந்த மாதம் அது இல்லை. இல்லை என்பதைக் கவனித்தவன் ஊரில் அண்ணன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.