பத்தாம் நம்பர் தூண்டில் முள்

மலேசியாவின் கிள்ளானில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் சேர்ந்த முதல் வாரமே, ஒரு மனிதர் தன் கையை நம்பாமல் போவதற்கு நான் காரணமாகிவிட்டேன்.

அவர் பெயர் மாணிக்கம். லோரி ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து வலது கை பாதி விழுந்துவிட்டது. கைக்குப் பயிற்சியாக மீன் பிடிக்கலாம் என்று தெரப்பியில் சொன்னதால், மனைவி சரோஜா அக்கா அவரைக் கடைக்கு அழைத்து வந்தார்.

"ரொட்டி வச்சுப் பிடிக்க பத்தாம் நம்பர் முள்ளு கேக்கச் சொன்னாங்கம்மா" என்றார் அக்கா.

நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா? கண்ணெதிரே தொங்கிய பத்தாம் நம்பரை எடுத்து நீட்டினேன். மாணிக்கம் அண்ணன் இடது கையால் வாங்கினார். "தப்பா நினைச்சுக்காதம்மா, இந்தக் கைதான் சொன்ன பேச்சு கேக்குது."

மூன்று ஞாயிறு கழித்து அக்கா மட்டும் வந்தார். மிச்ச முள்ளை மேசையில் வைத்தார்.

"இனிமே குளத்துக்குப் போகமாட்டாராம். மீன் ரொட்டியத் தின்னுட்டுப் போயிடுதாம், இழுக்கறதுக்குள்ள கை லேட்டாயிடுதாம். இது தேறாத கைன்னு தெரப்பிக்கும் வரமாட்டேங்குறாரு லா."

முள்ளைப் பார்த்ததும் என் தப்பு புரிந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கவனியுங்கள். சாதாரண முள்ளில் நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும். பத்து என்றால் சுண்டுவிரல் நகத்தளவுதான். சினு என்ற ஜப்பான் வகையில் நம்பரோடு முள்ளும் பெரிதாகும். நான் கொடுத்தது சினு பத்து. குளத்துத் திலாப்பியாவின் சின்ன வாய்க்குள் அது நுழையாது. மீன் ரொட்டியை மட்டும் கொத்திக்கொண்டு போகும்.

"பேசாம மாத்திக் குடுத்துரு. சொல்லி எதுக்கு வாங்கிக் கட்டிக்கிற?" என்றார் முதலாளி. முள்ளை மாற்றலாம், அண்ணன் தன் கையைப் பற்றி நினைத்திருப்பதை யார் மாற்றுவது? அரை மணி நேரம் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு அக்காவோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

டிவியிலிருந்து அண்ணன் திரும்பவே இல்லை. சாதாரணம், சினு என்று இரண்டு பத்தாம் நம்பரையும் ஒரு தட்டில் போட்டு முன்னால் வைத்தேன்.

"அண்ணே, உங்க கை லேட்டில்ல. நான்தான் தப்பான முள்ளக் குடுத்துட்டேன். யார் இழுத்திருந்தாலும் மாட்டியிருக்காது."

திட்டு விழும் என்று நின்றேன். அவர் இரண்டு முள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப மீன் கொத்துனது எனக்குச் சரியாத்தான் தெரிஞ்சுதா?"

"சரியாத்தாண்ணே."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "வீட்ல ரொட்டி இருக்கா?"

அந்த ஞாயிறு இரண்டு திலாப்பியா. அக்கா அனுப்பிய போட்டோவை நான் முதலாளியிடம் இரண்டு தடவை காட்டினேன்.

என்ன இரை, என்ன மீன் என்று கேட்காமல் அதன் பிறகு நான் யாருக்கும் முள் எடுத்ததில்லை. தப்பு நடந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன். நாம் மறைக்கிற தப்பை வேறொருவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.

சில மாதம் கழித்து அண்ணன் தனியாகக் கடைக்கு வந்தார். நான் நீட்டிய பாக்கெட்டை வலது கையால் வாங்கினார். அது நழுவிக் கீழே விழுந்தது. குனியப் போன என்னை, "இரும்மா" என்று நிறுத்தினார். நேரம் எடுத்தது. அந்தக் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார்.