தலைவருக்கென்று ஒரு பிரதி

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச விரும்புகிறவர், தம் கருத்தை எழுதி, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு பிரதிகளாகத் தர வேண்டும். ஒன்று செயலாளருக்கு, பதிவுக்காக. மற்றது தலைவருக்கு, தலைமையுரை தயாரிப்பதற்காக. தலைமையுரைதான் முதலில் வரும். அதாவது, நாங்கள் எழுதியதையெல்லாம் படித்து முடித்த ஒருவர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் பேசுவார். அவர் உட்கார்ந்த பிறகு நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து, ‘தலைவர் சொன்னது போல’ என்று தொடங்குவோம்.

அரசாங்கத்தில் உரிமம் வழங்கும் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தவன் நான். இந்த ஏற்பாட்டில் ஓட்டை எங்கே என்று சேர்ந்த அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதுவரை என் பொருள் எதுவும் களவு போயிருக்கவில்லை.

தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர் என்றாலும் என்னைத் தம்பி என்றே அழைப்பார். பினாங்கில், டத்தோ கிராமாட் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் கூடுவோம். செயலாளர் அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். தன்னிடம் வரும் எல்லாத் தாளிலும் தேதி முத்திரை குத்துகிற, நான் மனமார மதிக்கும் ஒரே மனுஷி.

ஒரு மாதம் ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸை எடுத்துக்கொண்டோம். வரைந்தவர் சுங்கை பினாங் அடுக்குமாடியில் வசிக்கும் பெண். பகலில் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை, மற்ற நேரத்தில் ரத்தக்காட்டேரிகள். அவர் கதையில் காட்டேரிகள் டை கட்டிக்கொண்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளாகத் திரிகின்றன. அவற்றை ஒழிக்கும் நாயகி ஒரு தொழிற்சாலைப் பெண். ஒரே தாவலில் இருபதாவது மாடி ஏறுவாள். ஒவ்வோர் இதழின் கடைசியிலும் வாசகர் கருத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. இந்த வயதில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் என் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் எழுதிய எதன் கீழும் என் பெயர் வந்ததில்லை. பதவியின் பெயர்தான் வந்தது.

ஆகவே உழைத்து எழுதினேன். வீட்டுக்காரர் அழைக்காமல் காட்டேரி வாசல் தாண்ட முடியாது என்று முதல் இதழிலேயே விதி சொல்லப்படுகிறது. மூன்றாம் இதழில் மின்சார மீட்டர் படிக்க வந்தவன் போல ஒரு காட்டேரி வருகிறது. வீட்டுக்காரி கம்பிக்கதவைத் திறந்து “வாங்க” என்கிறாள். அந்த அழைப்பு செல்லுமா? பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய உரிமம் செல்லாது. அதுபோல, பொய் வேடத்தில் வாங்கிய அழைப்பும் செல்லாது. ஆகவே அந்தக் காட்டேரி அடுத்த கட்டத்திலேயே வாசலுக்கு வெளியே தூக்கி எறியப்பட்டிருக்க வேண்டும். இதுதான் என் கருத்து.

கூட்டத்தன்று தலைவர் எழுந்து அதை அப்படியே சொன்னார். உரிமம் செல்லாது என்ற உவமையைக்கூட விடவில்லை. வாழ்நாளில் ஒரு மீன்பிடி உரிமம்கூட எடுத்திராத மனிதர். கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. பிறகு தாதியம்மா, கழுத்து நரம்பைத் தவறான இடத்தில் வரைந்திருக்கிறார்கள் என்றார். கீழ்க்கடைக்காரர், காட்டேரிகள் கடை மூடும் நேரமாகப் பார்த்து வருவது தமக்கு மிகவும் பழக்கமான விஷயம் என்றார். என் முறை வந்தபோது, ‘தலைவர் சொன்னது போல’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கூட்ட அறிக்கை, காமிக்ஸ் வரைந்த பெண்ணுக்குப் போயிற்று. நான்காம் இதழின் வாசகர் பக்கத்தில் என் கருத்து முழுமையாக வந்தது, தலைவர் பெயரில்.

அவரிடம் போய்க் கேட்டேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “அட விடுங்க தம்பி. நல்ல கருத்து நம்ம வட்டத்துக்குப் பெருமைதானே லா. யாரு சொன்னா என்ன?”

யார் சொன்னால் என்ன என்றால் என்னைச் சொல்லவிட்டிருக்கலாமே. அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் உஷாராகியிருப்பார்.

ஐந்தாம் இதழுக்கான கூட்டத்துக்கு வரைந்தவரே நேரில் வருவதாக அறிவிப்பு வந்தது. நான் இரண்டு கட்டுரைகள் எழுதினேன். முதலாவது உண்மையானது, அதைத் தாதியம்மாவிடம் கொடுத்து முத்திரை குத்தச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். இரண்டாவது தலைவருக்கு. அதில் ஒரு காட்சியை வானளாவப் புகழ்ந்திருந்தேன்: பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெர்ரியில், நடுக்கடலில், ஓடும் நீரைக் கடக்க முடியாமல் காட்டேரி மயங்கி விழுகிறது, டை காற்றில் படபடக்கிறது, பயணிகள் கடல்பயணத் தலைசுற்றல் என்று நினைத்துத் தலையில் தைலம் தேய்க்கிறார்கள். ஐந்தாம் இதழில் ஃபெர்ரியே கிடையாது. கடலும் கிடையாது. இதழை ஒருமுறை புரட்டியவருக்குத் தெரிந்துவிடும். நான் அவருக்கு வைத்த பரீட்சை அவ்வளவுதான்.

ஞாயிறன்று தலைவர் பட்டு ஜிப்பாவில் வந்தார். ஃபெர்ரிக் காட்சிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினார். தைலத்துக்கு வந்தபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது. கூட்டத்தில் சிலர் மடியிலிருந்த இதழைப் புரட்டத் தொடங்கினார்கள். நான் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டார். “சார், காட்சி நல்லா இருக்கு. ஆனா நான் அத வரையல. எந்தப் பக்கம்னு சொல்றீங்களா?”

தலைவர் மேசையிலிருந்த இதழை எடுத்தார். முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை. அவர் பிரதி மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்ததை முன்வரிசையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் என் பக்கம் கை நீட்டினார்.

“இவரு கட்டுரையில இருந்துச்சு. நான் அதத்தான் சொன்னேன்.”

இதைத்தான் அவர் வாயால் கேட்க விரும்பினேன். தாதியம்மா கோப்பைத் திறந்து, முத்திரை குத்திய தாளை எடுத்து, மெதுவாக முழுவதையும் படித்துப் பார்த்தார். இதில் ஃபெர்ரி இல்லையே என்றார்.

நான் எழுந்தேன். “பதிவான பிரதி அதுதான்.”

“அப்ப எனக்குக் குடுத்தது?” என்றார் தலைவர்.

“அது உங்களுக்கு மட்டும் எழுதினது, சார். போன தடவ எழுதினதும் உங்களுக்குத்தான்னு நெனச்சீங்க. சரி, இந்தத் தடவ தனியாவே எழுதிக் குடுத்துடுவோம்னு பார்த்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து கீழ்க்கடைக்காரரின் குரல் மட்டும் வந்தது. “யாரு யாரக் கடிச்சாங்கன்னே தெரியலையே, அண்ணே.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போடவில்லை. தேநீர் வருவதற்குள் படியிறங்கிவிட்டார். நேரில் சொல்லியிருக்கலாமே, வயதான மனிதரை இப்படியா செய்வது என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். நேரில்தான் முதலில் சொன்னேன், அவர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார் என்றேன். அவர்கள் முகத்தில் திருப்தி தெரியவில்லை. அது என் பிரச்சினை இல்லை.

வரைந்தவர் பதிவான பிரதியையும், கோப்பில் இருந்த என் முந்தைய கட்டுரையின் முத்திரைப் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, என்னைக் கொஞ்சம் எட்டி நின்றே பார்த்தார்.

ஆறாம் இதழில் என் கருத்து அரைப்பக்கத்துக்கு வந்தது, என் பெயரில், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு. அதன் கீழே, நான்காம் இதழில் வந்த கருத்தும் என்னுடையதே என்று ஒரு திருத்தம். கடையில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். மூன்று பிரதிகள் வாங்கினேன். ஒன்றைப் பழுப்பு உறையில் போட்டு, தலைவர் வீட்டு முகவரி எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். சாதாரணத் தபாலென்றால் வந்து சேரவில்லை என்று சொல்லலாம்.

அந்த வாரமே அட்டை திரும்பி வந்தது. பெறுநர் கையெழுத்து என்ற இடத்தில் அவரே போட்டிருந்தார், தேதியோடு.